பதினேழாம் பக்கத்து வட்டம்

அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம். எதைப் பார்த்தாலும் இன்னொன்றோடு எடை போட்டுப் பார்க்காமல் மனிதரால் இருக்க முடியாது. எதிரெதிரே இருக்கும் இரண்டு டீக்கடைகளில் எது மேல், தங்கைக்கு வந்த இரண்டு வரன்களில் எது தேறும், மின்விசிறிக்குக் கீழே உட்காருவதா ஜன்னலோரம் உட்காருவதா, எல்லாவற்றுக்கும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்துவிடுவார். வரன் விஷயத்தில் அவர் போட்ட கணக்கு பலித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தங்கை சந்தோஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். அதிலிருந்துதான் இவருக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

வேலை ஒரு பயண நிறுவனத்தில். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். அந்த நகரத்திலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் போனால் ஒரு கடற்கரை, தெற்கே முக்கால் மணி நேரம் போனால் இன்னொரு கடற்கரை. விடுமுறை வந்தால் வீட்டுக்கு வீடு சண்டை இதுதான், வடக்கா தெற்கா? இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியது. தராசை விட்டால் அதற்கு வேறு ஆள் ஏது?

நேர்மையாகத்தான் வேலை செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கரையிலும் ஒரு வாரம் தங்கினார். மணல், நிழல், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், கூட்டம், அலை என்று பதின்மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். நீச்சல் தெரியாது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு விளிம்போரம் நடப்பார், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் குறிப்பேடு. தெற்குக் கரையில் கரும்பாறைகள், ஆள் உயரத்துக்கு எழும்பும் அலை, பார்த்துக்கொண்டே இருக்கலாம். வடக்குக் கரையில் வெள்ளை மணல், நீண்டு கிடக்கும் ஆழமில்லாத தண்ணீர், நடந்துகொண்டே இருக்கலாம். ‘தெற்கு கண்ணுக்கு, வடக்கு காலுக்கு’ என்று ஒரு வரி எழுதினார். அந்த வரியை ஊரே சொல்ல ஆரம்பித்தது.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்காக அவராகவே ஒரு காரியம் செய்தார். உயரத்திலிருந்து எடுத்த படங்களில், கடலில் இறங்க ஏற்ற இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். இடத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த வழி சுலபமானது. இரண்டு பக்கமும் அலை நுரைத்துக்கொண்டு வரும்போது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலையே இருக்காது. பாய் விரித்ததுபோலத் தண்ணீர் சும்மா கிடக்கும். அங்கே வட்டம். அந்த இடங்களில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூடக் குளிக்கவில்லை என்பதையும் அவர் கவனித்தார். ‘கூட்டமில்லை’ என்று அதற்கும் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டார்.

வடக்கில் நான்கு வட்டம் கிடைத்தது. தெற்கில் முதலில் ஒன்றுதான் போட்டிருந்தார். பிறகு மனது கேட்கவில்லை. நடுநிலை தவறக் கூடாதே, பாவம் தெற்குக்காரர்கள் என்று படங்களை மறுபடி எடுத்துப் பார்த்து, தேடித் தேடி இன்னும் நான்கு வட்டம் போட்டார்.

புத்தகம் வந்ததும் கடிதங்கள் வந்தன. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? எங்கள் கரைக்கு நிழலில் ஏன் ஆறு மதிப்பெண், அவர்கள் கழிப்பறைக்கு எப்படி ஒன்பது என்று விடுதிக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுதித் தள்ளினார்கள். தராசு ஒரு தகரத் தட்டை எடுத்து, அதன்மேல் ‘வயிற்றெரிச்சல்’ என்று சீட்டு ஒட்டி, கடிதங்களை எல்லாம் அதில் போட்டுவைத்தார். தோற்ற கரையிலிருந்து வருவதற்குப் பதில் எழுதுவதில்லை என்பது அவர் கொள்கை.

ஒரு கடிதம் மட்டும் அவரைக் கொஞ்சம் குழப்பியது. கோடு போட்ட தாளில், பேனாவால் நான்கு வரி.

‘பதினேழாம் பக்கத்துப் படத்தில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நாங்கள் யாரையும் இறங்க விடுவதில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன். இப்படிக்கு, கரைக் காவலர், வடக்குக் கரை.’

வடக்கு ஜெயித்த கரை. ஜெயித்தவன் எதற்குப் புகார் சொல்கிறான்? தராசு முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "இதுல என்னய்யா குழப்பம்? உங்க புத்தகத்தால கூட்டம் ஏறிடுச்சு. முன்னாடி நாற்காலியில தூங்கிட்டிருந்த ஆளு, இப்ப எழுந்து விசில் ஊத வேண்டியிருக்கு. அந்தக் கடுப்பு."

"அதானே பார்த்தேன்," என்றார் தராசு. கடிதம் தட்டுக்குப் போனது. மூன்று வாரம் கழித்து அதே கையெழுத்தில் இன்னொரு உறை வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை, ஒரு தொலைபேசி. பெண் குரல்.

"ரெண்டு கரையைப் பத்திப் புத்தகம் எழுதினது..."

"நான்தாம்மா. சொல்லுங்க."

"வட்டம் எல்லாம் நீங்க போட்டதா?"

"ஆமாம்மா, நானே போட்டது. எப்படி இருந்துச்சு?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரரிடம் தராசு பெருமையாகச் சொன்னார், "வாசகி. கூச்சப்பட்டுக்கிட்டு வச்சுட்டாங்க." பாராட்டைக் காதால் கேட்க முடியாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை காலை தங்கையிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளை மணலில் விரித்த துண்டு, அதன்மேல் அவருடைய புத்தகம், பக்கத்தில் வாலு. தங்கை மகளுக்கு ஆறு வயது. ஓரிடத்தில் நிற்காததால் வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் இடுப்பில் நீல மிதவை வளையத்தோடு நின்றது. கீழே தங்கை எழுதியிருந்தாள், ‘அண்ணா, உன் வட்டத்துக்கு வந்துட்டோம். பதினேழாம் பக்கம். நீ சொன்னது நிஜம், அலையே இல்லை. இவரும் வாலும் இறங்கப் போறாங்க.’

தராசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த உற்சாகத்தில், இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதாவது தேறுமா பார்ப்போம் என்று வயிற்றெரிச்சல் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிரிக்காத உறை கைக்கு வந்தது. பிரித்தார்.

உள்ளே பதினேழாம் பக்கம் இருந்தது. புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அவர் போட்ட வட்டத்துக்கு இரண்டு பக்கமும் யாரோ நீலப் பேனாவால் கரையை நோக்கிச் சின்னச் சின்ன அம்புகள் வரைந்திருந்தார்கள். வட்டத்துக்குள் ஒரே ஓர் அம்பு. பெரிய அம்பு. அது கடலை நோக்கிப் போனது, படத்தின் விளிம்புவரை. ஓரத்தில் எழுதியிருந்தது:

‘இரண்டு பக்கமும் அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டாமா? இதுதான் அந்த வழி. போய்ப் போய் இங்கே பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தில் அலை உடையாது. அதனால்தான் உங்கள் கண்ணுக்கு அமைதியாகத் தெரிகிறது. முழங்கால் தண்ணீரில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். தயவுசெய்து வட்டத்தை எடுங்கள்.’

அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதே படம் பெரிதாக இருந்தது. ஆறு வாரமாக அதன்மேல்தான் டீக் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தார். இப்போது கோப்பையை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். வட்டத்துக்குள் தண்ணீர் ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்திருந்தது. கலங்கிய மணல் ஒரு வால்போல நீண்டு உள்ளே போயிருந்தது. நுரைத் துண்டுகள், எல்லாம் வெளியே பார்த்து. எல்லாமே படத்தில் இருந்தது, அவர்தான் பார்க்கவில்லை.

தங்கையின் எண்ணைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் எண், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீரில் இறங்குகிறவர்கள் கைபேசியைப் பையில் போட்டுக் கட்டி வைப்பார்கள், அதுவும் அவர் புத்தகத்தில் கொடுத்த யோசனைதான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று புத்தகத்தைப் புரட்டினார். பதின்மூன்று தலைப்பில் அப்படி ஒரு தலைப்பே இல்லை. கடைசியில் கரையோர விடுதியின் எண்ணைப் பிடித்தார்.

"சார், நீங்களா!" என்றது வரவேற்பில் இருந்த குரல். "இந்தத் தடவை எங்களுக்கு நிழலுக்குப் பத்துக்குப் பத்து போட்டே ஆகணும், சொல்லிட்டேன்."

"ஐயோ, நிழல் கிடக்கட்டும்யா! கரைக்கு ஓடுங்க. ஒரு குழந்தை, நீல வளையம். தண்ணியில இறங்க விடாதீங்க. ஓடுங்க!"

"எந்தக் குழந்தை சார்? இன்னைக்கு ஏகப்பட்ட நீல வளையம் இருக்கே."

தராசு படியிறங்கியது அவருக்கே தெரியவில்லை. அலுவலகக் கார் டயர் கடை வாசலில் நின்றது. ஓட்டுநர் முகத்தைப் பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை, வண்டியைக் கிளப்பிவிட்டார்.

முக்கால் மணி நேரம். வழியெல்லாம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு தடவை அழைத்தார், ஆறு தடவையும் மணி மட்டும் அடித்தது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று வாலுக்கு அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், சாலையோரக் குட்டையைப் பார்த்துச் சொன்னது. முன்னால் ஐந்து வண்டிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு வண்டியின் பின் கண்ணாடியில், உள்ளேயிருந்து அழுத்தியபடி, இரண்டு சின்னப் பாதங்கள். கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் அவருடைய புத்தகம் கிடந்தது. ஒலிப்பானை விடாமல் அடிக்கச் சொன்னார். முன்னால் போனவர் கையை வெளியே நீட்டித் திட்டினார். கடற்கரைக்குப் போகிறவனுக்கு என்ன அவசரம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும், நியாயம்தானே.

மணலில் செருப்பு சிக்கியது, கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். கரை முழுவதும் நீல வளையங்கள். முதலில் விரித்த துண்டைப் பார்த்தார். துண்டில் யாரும் இல்லை. புத்தகம் காற்றில் பக்கம் பக்கமாகப் புரண்டது. அதற்கு நேரே தண்ணீர், பாய் விரித்ததுபோலச் சும்மா கிடந்தது. அங்கே ஆள் யாரும் இல்லை. ஒருவர்கூட இல்லை.

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா!"

வாலு பின்னாலிருந்து வந்து முதுகில் ஏறியது. உலர்ந்த கால், உலர்ந்த தலைமுடி. தராசு அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட அப்போது வரவில்லை.

தங்கை ஓடிவந்தாள். "என்ன அண்ணா, என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளைக்கு வேறு ஆத்திரம். "வாங்க மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு மணி நேரமா அந்தம்மா எங்களை இறங்கவே விடலை. என் மச்சான் எழுதின புத்தகம், இதோ பாருங்க வட்டம்னு காட்டுறேன், ‘அந்த வட்டத்துக்குத்தான் நான் காவல்’னு நக்கல் வேற பண்ணுறாங்க."

அவர் கைகாட்டிய இடத்தில், சரியாகப் பதினேழாம் பக்கத்து வட்டத்துக்கு எதிரே, ஒரு நாற்காலி இருந்தது, ஓடிவந்த வேகத்தில் தராசு அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி. நாற்காலியிலிருந்து எழுந்து வந்தது ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் விசில், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கரைக் காவலர் என்றதும் தூங்குமூஞ்சி ஆண் ஒருவரைத்தான் தராசு இத்தனை நாளும் மனதில் உட்கார வைத்திருந்தார்.

"புத்தகக்காரர் நீங்கதானா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்பு இருந்தது. "எங்களுக்கு மூணு கிலோமீட்டர் கரை சார். முன்னாடி நான் அங்கயும் இங்கயும் நடப்பேன். ஆறு வாரமா உங்க வட்டத்துலயேதான் உட்கார்ந்திருக்கேன். எழுந்து தண்ணி குடிக்கப் போனா, அதுக்குள்ள ஒரு குடும்பம் புத்தகத்தை விரிச்சுக்கிட்டு இறங்குது."

"எனக்குத் தெரியலம்மா," என்றார் தராசு. "சத்தியமா தெரியாது."

அவள் மணலில் கிடந்த காய்ந்த மரத்துண்டு ஒன்றை எடுத்து அமைதியான தண்ணீரின் நடுவே வீசினாள். "பாப்பா, எண்ணு பார்க்கலாம்," என்றாள்.

வாலு குதித்துக் குதித்து எண்ணியது. ஐந்து என்னும்போது மரத்துண்டு இரண்டு பக்கத்து அலைகளையும் தாண்டியிருந்தது. பத்துக்குள், எல்லைக்காகக் கட்டியிருந்த மிதவைக் கயிற்றைத் தாண்டியது. துடுப்புப் போட்டு யாரோ கொண்டுபோவதுபோல அது நேராகப் போனது, ஒரு சத்தமும் இல்லை. இருபத்தைந்து வரை எண்ணிவிட்டு வாலு நிறுத்தியது.

"மாமா, அது திரும்பி வரலையே?"

மாப்பிள்ளை சட்டென்று மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

தராசுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. தன் குடும்பம் தப்பித்தது, அந்த நினைப்பு ஒன்றுதான் மனது முழுக்க. அசட்டுத்தனமாகச் சிரிப்புகூட வந்தது. "நீங்க மட்டும் இல்லைன்னா... உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இரண்டாம் பதிப்புல எல்லாத்தையும் மாத்திடறேன். வடக்குக்கு அலையில கொடுத்த மார்க்கைக் குறைச்சு, தெற்குக்கு..."

"வடக்கு என்ன, தெற்கு என்ன சார்? எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?" அவள் துண்டிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். "எனக்கு வந்து சேர்ந்தது இந்த இடத்தோட பக்கம் மட்டும்தான். விடுதியில கிழிச்சு ஒட்டியிருந்தாங்க. நான் பதினேழாம் பக்கத்துல உட்கார்ந்துட்டேன். மொத்தம் எத்தனை வட்டம் போட்டிருக்கீங்க?"

தராசின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஒன்பது," என்றார்.

"எல்லாம் இதே மாதிரி பார்த்துப் போட்டதா?"

"இதே மாதிரிதான். அலை இல்லாத இடமா பார்த்து."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றரை. சனிக்கிழமை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "ரெண்டு கரையிலயும் சேர்த்து ஆள் போட்டிருக்கிறது அஞ்சு இடத்துலதான். மத்த இடத்துல பக்கத்துக் கடைக்காரங்களுக்குத்தான் போன் பண்ணணும். ஒண்ணொண்ணா சொல்லுங்க. சீக்கிரம்."

"மீன் சந்தைக்குப் பின்னாடி," என்றார். எழுதினாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம். அப்புறம், உப்புக் கிடங்கு இருக்கிற வளைவு." எழுதினாள். "இது நாலு. வடக்கு முடிஞ்சுது. தெற்குல, கலங்கரை விளக்கத்துக்கு நேர் கீழ."

பேனா நின்றது. அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

"அங்க போன் பண்ண வேண்டாம் சார்," என்றாள். "போன ஞாயித்துக்கிழமை. பதினோரு வயசுப் பொண்ணு. திங்கட்கிழமை சாயங்காலம்தான் கிடைச்சுது."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்கம்மா விளிம்புலயே நின்னாங்களாம். கையில ஏதோ புத்தகம் வச்சுக்கிட்டு, இங்க இறங்கலாம்னு போட்டிருக்கு, இங்க இறங்கலாம்னு போட்டிருக்குன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். என்ன புத்தகம்னு அந்தக் கரைக்காரங்களுக்குத் தெரியல. எனக்கும் இப்பதான் தெரியுது."

தெற்கில் முதலில் அவர் போட்டிருந்தது பாறைக்குப் பின்னால் ஒரே ஒரு வட்டம். கலங்கரை விளக்கத்து வட்டம், பிறகு தேடித் தேடிப் போட்ட நான்கில் ஒன்று. நடுநிலைக்காகப் போட்டது. தராசின் காதில் வியாழக்கிழமைத் தொலைபேசி மூச்சு மறுபடி கேட்டது. அவர் கேட்ட கேள்வியும் கேட்டது, அதே பெருமையான குரலில். எப்படி இருந்துச்சு?

"சார்," என்றாள் அவள், பேனாவை நோட்டில் வைத்தபடி. "இன்னும் நாலு இருக்கு. அடுத்தது எதுன்னு சொல்லுங்க."